குதிரை ஏறும் கல்

எங்கள் டவுன் பார்க்கைப் பற்றி அவர் சொன்னவற்றில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்மை. மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பது. மற்றதெல்லாம் கப்சா. அதுவும் போகிற போக்கில் அடித்துவிடுகிற கப்சா இல்லை. தினமும் காலையில் குளித்துத் தலைசீவிக்கொண்டு வந்து, பிரம்பை நீட்டி, நின்று நிதானமாகச் சொல்லுகிற கப்சா.

இரத்தினபுரி மாவட்டத்து டவுன்களில் அதுவும் ஒன்று. பெயர் வேண்டாம். சுற்றிலும் ரப்பர், கொஞ்சம் மேலே ஏறினால் தேயிலை. பார்க் வாசலுக்கு நேர் எதிரே இருந்த ஸ்டூடியோவில் 1994ஆம் வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்துப் பட்டனைப் போட்டு, முடியை ஒதுக்கி இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்கேயாவது குண்டு வெடித்தது என்று ரேடியோவில் செய்தி வந்தால் அட்டை இல்லாத தமிழரைப் பொலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் மறுநாள் எங்கள் ஸ்டூடியோவில் தோட்டத்துச் சனம் நிரம்பி வழியும். மற்ற நாட்களில் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு பொழுதுபோக்கு இல்லை.

நகர சபைப் பதிவில் அவர் பார்க் காவலாளி. அவருடைய நினைப்பில் அவர் யார் என்று சொல்வது கஷ்டம். காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட மேஸ் என்கிற வெள்ளைக் காலுறை, பாலிஷ் போட்ட சப்பாத்து, கையில் பிரம்பு. வெள்ளைக்காரத் தொரைமார் தோட்டங்களை விட்டுக் கப்பலேறி இருபது வருடம் ஆகியிருந்தது. அவர்கள் விட்டுப்போன உடுப்பில் இவர் மட்டும் மிச்சம் இருந்தார். தோட்டத்து ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'பார்க்கு தொரை' என்பார்கள். முகத்துக்கு நேரே 'மாத்தயா' என்று சிங்களத்தில்தான் கூப்பிட வேண்டும். அண்ணே, மாமா என்று யாராவது கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி நடந்து போய்விடுவார். தமிழில் கேட்டாலும் சிங்களத்தில்தான் பதில் வரும்.

இத்தனைக்கும் அவர் பிறந்தது எங்கள் தோட்டத்து மூன்றாம் டிவிஷன் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில். என் அம்மாவுக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "மூக்கு ஒழுகிக்கிட்டு தண்ணிப் பீலிக்கரையில நின்ன பய, இப்ப பாரு மேஸு என்னா, சப்பாத்து என்னா" என்று அம்மா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. எரிச்சல்தான் வந்தது.

பார்க்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டுத் தூண் வைத்த வாத்திய மண்டபம். மூன்று மீன் வாயைத் திறந்து நிற்கிற இரும்பு நீரூற்று. அந்த மீன்களின் வாயில் தண்ணீர் வந்ததை யாரும் கண்டதில்லை. வரிசையாகப் பனைமரம் மாதிரி அழகு மரங்கள், ஒரு நாகலிங்க மரம், அதற்குக் கீழே ஒரு குளம், குளக்கரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல். அவ்வளவுதான். இந்த அவ்வளவையும் சுற்றிக்காட்ட அவருக்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்பட்டது. யாரும் கேட்டு அவர் செய்யவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று நிழலுக்கு ஒதுங்குகிற ஆட்களைப் பிடித்துக்கொள்வார். பிரம்பால் தூணை ஒரு தட்டுத் தட்டுவார். சரித்திரம் ஆரம்பித்துவிடும்.

அவருடைய சரித்திரத்தில் எல்லாவற்றையும் செய்தது தொரைதான். மண்டபம் தொரை கட்டியது. மரம் தொரை நட்டது. நீரூற்று தொரை கப்பலில் இறக்கியது. தொரையின் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு நாள் ஸ்கொட்லாந்துத் தொரை, இன்னொரு நாள் ஐரிஷ் தொரை. நீரூற்று ஒரு மாதம் லண்டனிலிருந்து வந்திருக்கும், அடுத்த மாதம் கவர்னர் பெண்சாதியின் சீதனமாக இருக்கும். மண்டபத்தில் வெள்ளைக்காரப் பேண்ட் வாசித்தது, தொரைசானிகள் விடிய விடிய ஆடியது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்வார். எங்கள் ஸ்டூடியோ முதலாளி சிங்களவர், அந்த டவுனிலேயே பிறந்தவர். "அந்த மண்டபத்தைக் கட்டின கொந்தராத்துக்காரர் என் அப்பா. எலெக்‌ஷன் கூட்டம் போடுவதற்காகக் கட்டினது" என்று ஒருமுறை அவரிடமே போய்ச் சொன்னார். இவர் அசையவில்லை. அது வேறு மண்டபம் என்றார். பார்க்கில் இருந்ததே ஒரு மண்டபம்தான்.

தமிழ்ப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சரித்திர ஆசிரியர் மாற்றலாகி வந்திருந்தார். அவர் ஒரு கொப்பியோடு பார்க்குக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆசிரியர் என்பதால் நம் ஆள் இரக்கப்பட்டுத் தமிழுக்கு இறங்கினார். இருவரும் எங்கள் ஜன்னலுக்கு நேரே கேட்டடியில் நின்று பேசியதால் எனக்கு எல்லாம் கேட்டது.

"ஐயா, இந்த மண்டபம் கட்டினது எந்த வருசமெண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"வெள்ளக்காரன் காலத்துலங்க."

"அது நூத்தைம்பது வருசமெல்லோ?"

"ஆமாங்க. அந்த நூத்தம்பதுக்குள்ளதான்."

ஆசிரியர் கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

எனக்குப் பொறுக்க முடியாமல் போனது குளத்தின் கதை. அந்தக் குளத்தைத் தொரை தன் கையாலேயே வெட்டினாராம். சாப்பாட்டு நேரத்தில் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தவள், இதைக் கேட்டுவிட்டு மூடிவிட்டேன்.

"மம்பட்டிய எந்தக் கையில புடிச்சாரு மாத்தயா, வலது கையிலயா எடது கையிலயா?"

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பிரம்பால் என் பெஞ்சைத் தட்டி, "நெகிட்டின்ன, நெகிட்டின்ன" என்று எழும்பச் சொன்னார். பெஞ்சில் சாப்பிடக் கூடாதாம். அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் வந்தது.

குளத்தை வெட்டியது எங்கள் தோட்டத்து ஆட்கள். தோட்டம் முழுக்க இது தெரியும். லொறியும் ரோட்டும் இல்லாத காலத்தில், விடிவதற்குள் பெரட்டு வரிசையில் நிற்கவைத்து ஆள் எண்ணி, மலையிலிருந்து இறக்கிக் கூட்டி வந்து வெட்டவைத்தார்கள். எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எந்த மண்ணில் மம்பட்டி போட்டாலும் முதலில் பக்கத்து மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, அதை முனியாக நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள். மண் சரியாமல், பாம்பு தீண்டாமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குளக்கரையில் இருந்த கறுப்புக் கல் அப்படி நட்ட கல். எங்களுக்கு அவர் பார்க்கு முனி. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் எங்கள் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் பிடித்துவிட்டு நேரே அங்கேதான் போவார்கள். ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு. கல்லடி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

நம் ஆளின் சரித்திரத்தில் அந்தக் கல் என்ன தெரியுமா? குதிரை ஏறும் கல். தொரை அதன் மேல் கால் வைத்துத்தான் குதிரையில் ஏறுவாராம். அதைச் சொல்லும்போது மட்டும் பிரம்பால் தட்ட மாட்டார், தள்ளி நின்றுதான் காட்டுவார். அதை நான் கவனித்தேன். ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1999இல் என் அக்கா குவைத்துக்குப் போனாள். புருஷன் விட்டுப்போனவள், வீட்டு வேலைக்குப் போனாள். புறப்படுகிற அன்று அம்மாவும் அவளும் முனிக்குப் பழம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடை ஜன்னலில் நின்றேன். நம் ஆள் வேகமாக வந்தார். பிரம்பின் நுனியால் பழத்தைத் தள்ளிக் குளத்துக்குள் விட்டார். சுருட்டையும் தட்டிவிட்டார். குப்பை போடுகிறார்கள் என்று சிங்களத்தில் பெரிய சத்தம். போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அழுதாள்.

ரோட்டைத் தாண்டி ஓடினேன். நான் கத்துவதற்கு வாயைத் திறந்ததும் அவர் குரலை இறக்கி, முதல்முறையாக என்னிடம் தமிழில் பேசினார்.

"கத்தாத புள்ள. நாலு பேரு பாக்குறான். இது முனி கல்லுன்னு தெரிஞ்சா நாளைக்கே பேத்து எறிஞ்சிருவானுங்க. தொரையோட கல்லுன்னா ஒருத்தனும் தொட மாட்டான். அதுக்குத்தான்."

"அதுக்காக முனிக்கே தொரை வேசம் கட்டிட்டீங்களா? ஒங்களுக்குக் கட்டிக்கிட்டது பத்தாதா?"

அவர் மேஸை முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு போனார். நான் அவர் சொன்னதை நம்பவில்லை. பயந்தாங்கொள்ளி, செய்த ஈனத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். மனதுக்குள் 'ர்' போய் 'ன்' வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வருடம் நகர சபைக்குப் புதுத் தலைவர் வந்தார். பார்க்கைப் புதுப்பிக்க வேண்டும் என்று கிளம்பினார். ஒரு நாள் முழுக்க நம் ஆளோடு சுற்றி, அத்தனை கப்சாவையும் வாய் பிளந்து கேட்டார். அவருக்கு மிகவும் பிடித்துப்போனது குதிரை ஏறும் கல். இவ்வளவு பெரிய சொத்தைக் குளக்கரையில் பாசி பிடிக்க விடலாமா? சபைத் தொழிலாளர்கள் வந்து கல்லைத் தோண்டி எடுத்தார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள். புதுக் கேட்டுக்குப் பக்கத்தில் சீமெந்துக் கட்டுப் போட்டு அதன் மேல் இருத்தினார்கள். பக்கத்திலேயே ஒரு பலகை. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் தொரையின் குதிரைக் கதை. தமிழில் இல்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், எங்கள் ஆட்கள் அதைப் படிக்காமல் தப்பினார்கள்.

அந்த வாரம் நம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. தலைவரே அவர் தோளில் கைபோட்டு நடந்தார். மேஸ் புதிது. பிரம்புக்குப் பித்தளைப் பூண் போட்டிருந்தார்.

பிறகுதான் திறப்பு விழாவின் விசேஷம் வெளியே வந்தது. நுவரெலியாவில் சவாரி விடுகிற மட்டக்குதிரை ஒன்றை லொறியில் கொண்டுவருகிறார்கள். தலைவர் அந்தக் கல்லின் மேல் கால் வைத்துக் குதிரை ஏறுவார். அதைப் படம் பிடிப்பது எங்கள் ஸ்டூடியோ.

வீட்டில் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அக்காவிடமிருந்து கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஏஜென்சிக்காரன் தெரியாது என்றான். அம்மா அந்தக் கல்லைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

"செருப்புக் கால முனி மேல வைக்கப் போறானுங்களா? அப்புறம் எம்புள்ள எப்புடி உசுரோட வருவா?" அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. "நீ போயி அந்த ஆளுகிட்ட சொல்லு. கட்டின கதைய அவனே அவுக்கட்டும்."

போனேன். கேட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"தலைவர்கிட்ட போயி அது சாமின்னு சொல்லுங்க."

"சொன்னா? இம்புட்டு நாளா பொய்யாடா சொன்னேன்னு கேப்பாரு."

"சொன்னது பொய்தானே?"

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "எனக்கு இத விட்டா என்னா இருக்கு புள்ள? கேட்டத் தொறந்தேன், கேட்டப் பூட்டுனேன், அம்புட்டுத்தான். லயத்துல பொறந்தவன் பேச்ச எவன் நின்னு கேட்டிருக்கான்? எம்பேச்ச நின்னு கேக்குறான். பெரிய பெரிய ஆளெல்லாம் நின்னு கேக்குறான்."

"எங்கக்கா உசுர விட ஒங்க கத பெருசாங்க?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பாலிஷ் போட ஆரம்பித்தார். அந்தக் கொட்டகை வாசலில் காறித் துப்பிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

திறப்பு விழா அன்று நல்ல வெயில். பாடசாலைப் பேண்ட், வாழைமரம், வண்ணக் கொடிகள். லொறியிலிருந்து இறக்கிய மட்டக்குதிரை மூன்று மணி நேரப் பயணத்தில் களைத்துப்போய், தோரணத்துக் குருத்தோலையைத் தின்றுகொண்டிருந்தது. தலைவர் வழக்கமான வெள்ளைச் சாரத்தை விட்டுவிட்டு வெள்ளைக் காற்சட்டையில் வந்திருந்தார். முதலாளி கமராவோடு முன்னால் நின்றார். நான் ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடை வாசலில் நின்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்.

நம் ஆள் ஒலிபெருக்கியில் குதிரைக் கதையைச் சொல்லி முடித்தார். கைதட்டினார்கள். தலைவர் ஒரு கையால் கடிவாளத்தைப் பிடித்தார். சப்பாத்துக் காலைத் தூக்கினார்.

"சேர்."

மைக் இன்னும் நம் ஆளின் கையில்தான் இருந்தது. ஊருக்கே கேட்டது.

"ஏக்க ரெதி ஹோதன கலக் சேர்."

அது துணி துவைக்கிற கல், சேர். லயத்துப் பீலியில் கூலிக்காரப் பொம்பளைகள் அழுக்குத் துணி அடிக்கிற கல். உட்காருவதற்கு நான்தான் கொண்டுவந்து போட்டேன். தொரையும் இல்லை, குதிரையும் இல்லை. நான் சொன்னது பொய்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது. தலைவர் தூக்கிய காலைச் சட்டென்று பின்னால் இழுத்தார். அழுக்குச் சேலையும் பீத்துணியும் அடித்த கல்லில் தலைவர் கால் வைப்பாரா?

"அப்போ நீரூற்று?" என்று சிங்களத்தில் கேட்டார். முகம் சிவந்திருந்தது.

தெரியாது சேர்.

"மண்டபம்?"

தெரியாது சேர்.

"மரம்?"

தெரியாது சேர். எல்லாம் நானாகச் சொன்னது.

ஆறு வருடமாக அந்தப் பார்க்கில் நான் கேட்ட அத்தனையும் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது. தலைவர் பக்கத்தில் நின்ற ஆள் நம் ஆளின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். பிறகு பிரம்பையும் பிடுங்கினான். கல்லைக் கொண்டுபோய்க் கக்கூசுக்குப் பின்னால் போடச் சொல்லி உத்தரவு. தொழிலாளர்கள் நெம்பி உருட்டிக்கொண்டு போனார்கள். தலைவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிக் குதிரையில் உட்கார்ந்தார். அந்தப் படத்தை நாங்கள் பிடித்துக் கொடுத்தோம்.

எனக்கு ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "அப்பவும் சாமின்னு சொன்னாரா பாருங்க! ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு, கையில மைக் இருக்கு, அப்பவும் பொய்யத்தானே சொன்னாரு!"

"காலு படல இல்ல? அது போதும்" என்றார் அம்மா. சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கேட் காவல் வேலையும் இல்லை. பென்ஷன் வரைக்கும் கக்கூசு கழுவச் சொல்லிவிட்டார்கள். மேஸும் சப்பாத்தும் போய், ரப்பர் செருப்போடு வாளி தூக்கிக்கொண்டு திரிந்தார். நிழலுக்கு ஒதுங்குகிறவர்கள் மண்டபத்தைக் காட்டி ஏதாவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் வாயால் உண்மை வர ஆரம்பித்த பிறகு யாரும் அவரிடம் நின்று பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா வந்தாள். கடிதம் எழுத விடாமல் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்களாம். இடது கை முழங்கை வரைக்கும் சுடுதண்ணீர் ஊற்றின தழும்பு. ஆள் பாதியாகியிருந்தாள். வந்த மறுநாளே அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போனார்.

கக்கூசுக்குப் பின்னால் மூங்கில் புதருக்குள் கல் சாய்ந்து கிடந்தது. மழையில் சுண்ணாம்பு பாதி கரைந்திருந்தது. நாங்கள் போன நேரம் அவர் வாளியோடு அங்கே நின்றார். அக்காவின் கையைப் பார்த்தார். "வந்துட்டியா தாயி" என்றார். வாளியை வைத்துவிட்டு, கல்லைச் சுற்றிக் கிடந்த சருகைக் கையாலேயே ஒதுக்கினார்.

அம்மா எலுமிச்சம்பழத்தை வைத்தார். சுருட்டைப் பற்றவைத்து அவரிடம் நீட்டி, "நீங்களே வைங்கண்ணே" என்றார். அண்ணே என்றதற்கு அவர் காது கேட்டது. வாங்கி வைத்தார்.

"நாலு வார்த்த சொல்லிக் கும்புடுங்கண்ணே. ஒங்களுக்குத்தான் பேச வருமே."

"எனக்கு மந்திரமெல்லாம் தெரியாது தங்கச்சி."

"மந்திரம் வேணாம். இந்தக் கல்ல நட்டவங்க பேரச் சொல்லுங்க, போதும். கொளம் வெட்ட வந்தாங்களே நம்ம ஆளுங்க, அவுங்க பேரு. அவுங்களக் கூப்புட்டுத்தானே கும்புடணும்?"

அவர் வாயைத் திறந்தார். எத்தனை தொரைக்குப் பெயர் வைத்த வாய். குதிரைக்குக்கூட ஒருமுறை பெயர் சொன்னார், நானே கேட்டிருக்கிறேன். அம்மா காத்திருந்தார். அவர் தொண்டையைச் செருமினார். ஒரு கங்காணி பெயராவது, ஒரு ஆள் பெயராவது, தன் பாட்டன் பெயராவது வந்துவிடும் என்று நானும்தான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலயே தங்கச்சி" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். "நீ எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவதானே. இத்தன வருசமா அவரு சொன்னதெல்லாம் பொய்யின்னியே. நெசத்த நீ சொல்லு."

எனக்கும் தெரியவில்லை. ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

அம்மா சூடத்தைக் கல்லின் மேல் வைத்துக் கொளுத்தினார். கையைக் கூப்பினார்.

"கொளம் வெட்டின ஆளுங்களே" என்றார். "எம்புள்ள வந்து சேந்துட்டா."